பதிவாகாத வீட்டில் நீ இடித்த சமையற்கட்டு

தம்பி,

முந்தாநாள் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். கேட்டுவிட்டு, இது உன் குரல்தானா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கேட்டேன். உன் குரல்தான். எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபமாக இருந்திருந்தால் குவைத்துக்குப் போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று திட்டிவிட்டு, வைக்கப்போகும்போது சாப்பிட்டாயா என்றும் கேட்டிருப்பேன். இது கோபம் இல்லை, அருவருப்பு. பெற்ற பிள்ளையை நினைத்து ஒருத்திக்கு அருவருப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே அவளைப் பைத்தியக்காரி என்றிருப்பேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், "அம்மா, நான் சொல்றத மொதல்ல கேளுங்க" என்பாய், நானும் கேட்டுத் தொலைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்துப் போட்டோ எடுத்து உனக்கும் உன் தங்கைக்கும் உன் மாமனாருக்கும் சேர்த்தே அனுப்பப்போகிறேன். நாலு பேர் படித்தால் மானம் போகும் என்று நீ சொல்லலாம். போகட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, அந்தப் புதுக்கோட்டை வீடு வேணாம். மாமா வேற எடம் பாத்துட்டாங்க, கார்னர் பிளாட்டு. நீங்க சாவியக் கொண்டுபோயி அந்தம்மாகிட்ட குடுத்துருங்க. சாமி உத்தரவு வரலைன்னு சொல்லுங்க, அவங்க மனசு சங்கடப்படாது. அட்வான்ச மெதுவாத் தந்தாப் போதும். பத்திரந்தான் ஆகலையேம்மா, நமக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல." இவ்வளவையும் எவ்வளவு சாந்தமாகச் சொன்னாய் தெரியுமா? கடையில் சட்டை அளவு சரியில்லை, மாற்றிக்கொண்டு வா என்று சொல்கிற மாதிரி. அந்த வீட்டில் இப்போது சமையற்கட்டு இல்லை. அதைப் பற்றி ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை. உனக்கு மறந்துபோயிருந்தால் கூட மன்னித்துவிடுவேன். மறக்கவில்லை, சொல்லாமல் விட்டாய்.

அந்தச் சாவி நம் கைக்கு எப்படி வந்தது என்று உன் மாமனாருக்குத் தெரியாது, உனக்கும் பாதிதான் தெரியும். சொல்கிறேன் கேள். நீ எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸ் கொடுத்தது நான். மீதியைக் கொடுத்துப் பத்திரம் பதிய வேண்டியதுதான் பாக்கி. அது தள்ளிப்போனது வீட்டுக்காரி செல்வமணியால் இல்லை. உன் பேங்க் லோன் வரவில்லை, அதனால் தள்ளிப்போனது. அந்த நேரத்தில் நீதான் ஒற்றைக்காலில் நின்றாய். ஆடி பிறந்தால் பால் காய்ச்ச முடியாது, அதற்குள் ஆனி முகூர்த்தத்தில் காய்ச்சிவிட வேண்டும், சாவியை மட்டும் முன்கூட்டி வாங்கிக் கொடுங்கள் என்று தினமும் போன். செல்வமணி சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள். புருஷன் போனபிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தாள். வீட்டை விற்றுவிட்டு, கரூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இடம் பார்த்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் போய்ச் சாவி கேட்டேன்.

"பதிவு முடியாம எப்படிக்கா? ஒங்கள நம்பாம கேக்கல. ஆனா எங்க வெளக்கு இங்கிட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு வீட்டு வெளக்கு ஒரே எடத்துல எரியக் கூடாது. நீங்க பால் காய்ச்சணும்னா நான் வெளக்க எடுத்துக்கிட்டுப் போயிரணும். வெளக்க எடுத்துட்டா நான் இந்த வீட்ட விட்டுப் போயிட்டேன்னுதான் அர்த்தம்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏந்த்தா, நம்ம என்ன இன்னைக்குப் பாத்து நாளைக்குப் பிரியற ஆளுங்களா? பால மட்டும் காய்ச்சிட்டுப் பூட்டிப்புடுறோம். ஒரு ஆணி அடிக்க மாட்டோம்" என்றேன். அவள் பின்பக்க அறையில் கட்டிலையும் தையல் மெஷினையும் போட்டுப் பூட்டிவிட்டு, பதிவு முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, காமாட்சி விளக்கை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கரூர் பஸ் ஏறினாள். நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்புகிறவரை ஜன்னல் வழியாக மின்சார மீட்டர் எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த நாளில் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாவியை என் கையில் வைத்தபோது, இவ்வளவு லேசாகக் காரியம் முடிந்துவிட்டதே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பால் காய்ச்சிய அன்று நீ வீடியோவில் பார்த்தது ஓமகுண்டத்தையும் மாலையையும்தான். போன் திரும்பாத பக்கம் நடந்ததை நான் சொல்கிறேன். உன் மாமனார் வீட்டு ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் ஒருத்தர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார், ஒருத்தர் பாத்ரூம் குழாயைத் திருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். ஒரு அம்மாள் கொல்லையில் இருந்த எலுமிச்சை மரத்தில் காயைக்கூட விடாமல் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். கறிவேப்பிலையைக் கொத்தாக ஒடிக்கவில்லை, கிளையாக ஒடித்தார்கள். அந்த மரத்துக்கு நாம் இன்னும் முழுப் பணம் கொடுத்து முடிக்கவில்லை. இதற்கு நடுவில் செல்வமணி வந்தாள். கரூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, நமக்கு மொய்யாக ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு வந்தாள். தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றாள். உன் மாமனார் அவளைப் பார்த்து, "நீங்க யாருங்க, எந்த ஊரு?" என்று கேட்டார். "இந்த வீட்டுக்காரிங்க" என்றாள். அவர் சிரித்தார். "வீட்டுக்காரியா இருந்தேன்னு சொல்லுங்க" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளை ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, வேலைக்காரிக்குக் கொடுக்கிற மாதிரி பேப்பர் டம்ளரில் பால் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சம்பந்தி மனம் கோணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே அந்த ஆளை நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

அடுத்து, வெள்ளையடிக்க எஸ்டிமேட் எடுக்க வேண்டும் என்று சொல்லி அவர் என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனார். கொடுக்கச் சொன்னது நீ. ஆடி பிறந்து கொஞ்ச நாளில், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நான் நம் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போகிறேன், தெருமுனையிலேயே சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. உள்ளே போனால் சமையற்கட்டு இல்லை. மேடை இல்லை, அலமாரி இல்லை, கொல்லைப்பக்கச் சுவரும் பின்கதவும் இல்லை. ஜல்லியும் செங்கலுமாகக் குவிந்து கிடக்கிறது. செல்வமணி பூட்டிவிட்டுப் போன அறையின் பூட்டை அறுத்து, அவள் கட்டில் மேல் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கொத்தனாரைக் கேட்டேன்.

"யாரைக் கேட்டு இடிச்சீங்க?"

"வீட்டுக்காரரு சொல்லித்தாங்க இடிச்சோம். சமையக்கட்டு அக்கினி மூலைக்குப் போவணுமாம்."

"எந்த வீட்டுக்காரரு?"

அவர் உன் மாமனார் பெயரைச் சொன்னார். கொத்தனாரிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். ஆடியில் கட்டத்தான் கூடாது, இடிக்கலாம் என்று எனக்குச் சாஸ்திரம் சொன்னார். உனக்குப் போன் போட்டேன். "எப்படியும் நம்ம வீடுதானேம்மா, பதிவு முடிஞ்சப்பறம் இடிச்சா என்ன, இப்ப இடிச்சா என்ன?" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மயங்கினேன். எப்படியும் நம் வீடாகத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு செல்வமணி கரூரிலிருந்து பேசும்போதெல்லாம், "வீடு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள். "நல்லா இருக்குத்தா" என்று சொன்னேன். இத்தனை வயதுக்கு மேல் எவ்வளவு கூசாமல் பொய் வருகிறது பார். உன்னை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. சாவியை வாங்கியது என் வாய். இடிந்ததை மூடி மறைத்ததும் அதே வாய்தான்.

உன் தங்கை கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கல்யாணக்காரர்கள் மண்டபத்துக்குள் புகுந்துவிட்டார்கள். நம் ஆட்கள் இலையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுகிறார்கள், அவர்கள் பக்கத்து மேஜையை இழுத்து மடக்குகிறார்கள். ஒருத்தன் மணமேடையில் ஏறி நம் பெயர் எழுதிய பலகையைக் கழற்றுகிறான். சாயங்காலம் வரைக்கும் நமக்குத்தான் மண்டபம். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அழுகையே வந்துவிட்டது. நீதான் போய்ச் சமையற்கூட வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாய். "எங்க ஆளுங்க கை கழுவற வரைக்கும் இங்கிட்டு ஒரு அண்டா உள்ள வரக் கூடாது" என்றாய். அவர்கள் பக்கம் பத்துப் பேர் திரண்டு வந்தும் நீ நகரவில்லை. உன் அப்பா அன்று ராத்திரி என்னிடம், "பெத்தது வீண் போகலடி" என்று சொன்னார். அந்த மண்டபத்துக்குள் புகுந்தவர்களை நீ என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டினாயோ, அத்தனையையும் இப்போது உன்னைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களாவது பலகையைத்தான் கழற்றினார்கள்.

உன் அப்பாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாம் புதுக்கோட்டையில் வாடகைக்கு இருந்துவிட்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனோமே, அந்த வீட்டைக் காலி செய்தபோது மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நாம் காலண்டருக்கும் கண்ணாடிக்கும் அடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டைகளைப் பற்பசை வைத்து அடைத்தார். நீயும் கூடச் சேர்ந்து விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பல் விளக்க அடுத்த நாள் பசை இல்லை, உப்பை வைத்துத்தான் தேய்த்தோம். வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது அவருக்கு அந்த ஓட்டை இருந்ததுகூடத் தெரியாது. உன் அப்பா தாமாகவே, "இங்க ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு, ஆணி அடிச்சிருந்தோங்க" என்று காட்டிக்கொடுத்தார். அதை நான் அசட்டுத்தனம் என்று நினைத்தேன். அடுத்தவர் வீட்டில் இருக்கும்போது கையைக் காலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று சாக்குச் சொல்லாதே. உனக்குத் தெரியும். வசதி வந்ததும் தெரியாத மாதிரி ஆகிவிட்டாய்.

நீ சொன்னபடி சாவியைக் கொடுக்கத்தான் செல்வமணியை நேற்று வரச் சொன்னேன். சாமி உத்தரவு என்று சொல்லச் சொன்னாயே, அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. சாமி எதற்கு உன் அழுக்குக்கு நடுவில்? அவள் வந்தாள். கையில், பதிவுக்குப் போகிறவள் மாதிரி ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் ஒரு கவரில் வைத்திருந்தாள். லோன் வந்துவிட்டது, அதற்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள். இடிந்த சுவர் வழியாகக் கொல்லை தெரிகிறது, ஒரு நாய் உள்ளே வந்து படுத்திருந்தது. அதை விரட்டினாள். குனிந்து, மேடையில் பதித்திருந்த கறுப்புக் கல்லில் ஒரு துண்டை எடுத்துத் தூசியைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கட்டில் மேல் இருந்த மூட்டைகளைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள். நான் உன் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். ஆமாம், காட்டினேன். முழுசையும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"கொரல் என்னமோ சாந்தமாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "நான் இப்ப என்னக்கா செய்யட்டும்? போலீசுக்குப் போகட்டுமா, ஒங்க காலப் புடிச்சு அழுகட்டுமா, நீங்களே சொல்லுங்க. ஒங்க பேச்சக் கேட்டுத்தானே வெளக்க எடுத்தேன்" என்றாள். நான் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "இத வாங்கி நான் எங்கிட்டு நின்னு ஒல வக்கிறது? கரூர்ல மக மாமியா வீட்டு ஹால்ல படுத்துக் கெடக்கேன். பதிவு ஆகுற வரைக்குந்தான்னு சொல்லித்தான் போனேன். நேத்துக்கூட அந்தம்மா கேட்டுச்சு, ஒங்க வீட்டுப் பதிவு என்னைக்குன்னு. நாளைக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போறது? சமையக்கட்டு இல்லாத வீட்ட வேற எவன் வந்து வாங்குவான்?" என்று கேட்டாள்.

பத்திரம் ஆகவில்லை, நமக்கு ஒன்றும் இல்லை என்று நீ சொன்னதை நான் அவளிடம் திருப்பிச் சொல்லவா தம்பி? பத்திரம் ஆகவில்லை என்றால் அது அவள் வீடு. அவள் வீட்டுக்குள் அவள் தயவில் நுழைந்தோம். இதைப் புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். முன்கூட்டிச் சாவி கொடுக்கிறவர்கள் நம்மை நம்பித்தான் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் நாம் அங்கே விருந்தாளி, தண்ணீர் குடித்தால்கூடச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டிய ஆள். இனி நீ கார்னர் பிளாட் வாங்கு, மாளிகை வாங்கு, எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வீட்டுச் சாவியையும் பதிவுக்கு முன்னால் கேட்காதே. உன்னிடம் யாரும் கொடுக்கக் கூடாது. அந்தப் புது இடத்துக்காரர் யார் என்று எனக்குத் தெரிந்தால் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

நேற்றே அந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டு, பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே சமையற்கட்டைக் கட்டச் சொல்லிவிட்டேன். ஆடியில் சுவர் எழுப்பலாமா என்று அவர் தலையைச் சொறிந்தார். "இடிச்சது ஆடியிலதானே, கட்டுறதும் ஆடியிலயே ஆகட்டும்" என்றேன். செலவுக்கு என் கழுத்தில் கிடந்த சங்கிலி போய்விட்டது. அதைப் பற்றி நீ பேசக் கூடாது, அது உன் அப்பா இருக்கும்போது போட்டது. அட்வான்ஸையும் நீ கேட்கக் கூடாது. கேட்டால், உன் மாமனார் அறுத்த பூட்டை எடுத்துக்கொண்டு நானே அவளோடு ஸ்டேஷனுக்குப் போவேன். நீ மிரட்டல் என்று நினைத்தாலும் சரி. பின்பக்கம் கதவு இல்லாமல் வீடு திறந்து கிடக்கிறது, அவள் சாமான் உள்ளே இருக்கிறது, அதனால் வேலை முடிகிறவரை நான் இந்தப் புதுக்கோட்டை வீட்டில்தான் படுத்துக்கொள்ளப் போகிறேன். கொல்லையில் மூன்று கல் வைத்துச் சோறு பொங்கிக்கொள்கிறேன். தூசியில் இருமல் வருகிறது, அது எனக்கு வர வேண்டியதுதான்.

செல்வமணியை வல்லத்திராக்கோட்டையில் நம் வீட்டில் விட்டுவிட்டேன். வர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். கரூருக்குத் திரும்பிப் போவதைவிட இது மேல் என்று கெஞ்சித்தான் கூட்டிக்கொண்டு போனேன். சாமி படத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த என் விளக்கை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டில் ஏற்ற முடியாமல் அவள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிற விளக்கை அங்கே வைக்கச் சொன்னேன். நம் வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறது, வேறு சாவி கிடையாது. அவள் வீடு சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி ஆகிறவரை, அல்லது நீ பேசியபடி மீதியைக் கொடுத்து முறையாகப் பதிந்துகொள்கிறவரை, நம் வீடு அவளுடையது.

ஆவணியில் லீவுக்கு வருவாய். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, வழக்கம்போலக் கார் பிடித்து நேராக வல்லத்திராக்கோட்டை வீட்டுக்குத்தான் போவாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டு. அவள்தான் திறப்பாள். மெசேஜில் என்னிடம் சொன்னதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. கேட்டுவிட்டு அவள் உள்ளே வா என்றால் போய்ச் சாப்பிடு. அவள் அப்படிச் சொல்லாவிட்டால் வாசலிலிருந்து எனக்குப் போன் போடாதே, எடுக்க மாட்டேன்.

அம்மா